அசல் பேனாவைத் தேடி: தண்டுக் கடை முதல் பார்சல் வரை

பெங்களூரில் அல்சூர் ஏரியைத் தாண்டி வடக்கே போனால் காக்ஸ் டவுன். ஆங்கிலேயர் காலத்து சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் கலெக்டராக இருந்த ஏ.ஆர். காக்ஸின் பெயர் அது. மாநகராட்சி பின்னாளில் சர்வஞ்ஞ நகர் என்று பெயர் சூட்டியது. சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர்தான். ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது மட்டும் இன்னமும் காக்ஸ் டவுன்தான்.

இந்த வட்டாரத்துக்குத் தமிழ் வந்தது பட்டாளத்தோடு. 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை இடம்பெயர்ந்து கன்டோன்மென்ட் உருவானது. உள்ளூரார் அதைத் தண்டு என்றார்கள். சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அவர்களை நம்பி வாழ்ந்த வியாபாரிகளும் கூடவே வந்தார்கள். 1834-இல் மதராஸ் சாப்பர்ஸ் படையும் இங்கே குடியேறியது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்ததும் மதராஸில் இறங்கும் சரக்கு எளிதாகத் தண்டுக்கு ஏறத் தொடங்கியது. துணி, சாராயம், மருந்து, புத்தகம் ஆகியவற்றோடு பேனாவும் அந்தப் பாதையில் வந்தது. ரயில்வேயிலும் தபால் தந்தியிலும் ராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் எழுதிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களில் பேனா வேலைக் கருவி. சட்டைப் பையில் குத்தியபோது மரியாதைச் சின்னம்.

இன்று அதே தெருக்களுக்குப் பேனா பழுப்பு நிறப் பெட்டியில் வருகிறது. கிளிப்பில் அம்பு இருக்கிறது, மூடியில் பெயர் இருக்கிறது, பெட்டிக்குள் உத்தரவாதச் சீட்டு இருக்கிறது. இது ஒரிஜினல்தானா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இணைய வணிகம் பெற்றெடுத்த கேள்வி என்று பலர் இதை நினைக்கிறார்கள். உண்மையில் மை தானாக இறங்கும் பேனா சந்தைக்கு வந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது.

நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் தன் ஃபவுண்டன் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது 1884-இல். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மெல்லிய பிளவுகளை வெட்டி, மை இறங்கும்போதே காற்று மேலேறும்படி அவர் செய்திருந்தார். தொட்டுத் தொட்டு எழுதிய உலகத்தில் அது பெரிய விடுதலை. விலையும் அதற்கேற்ப இருந்தது. நாலே ஆண்டில், 1888-இல், விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில்லில் ஜார்ஜ் பார்க்கர் என்ற தந்திப் பள்ளி ஆசிரியர் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். மாணவர்களுக்கு அவர் விற்ற வேறு கம்பெனிப் பேனாக்கள் ஓயாமல் மை கக்கின. அவற்றைப் பழுது பார்த்துப் பார்த்து, கடைசியில் சொந்தமாகவே ஒரு பேனா செய்யத் துணிந்தார்.

நல்ல பெயர் கிடைத்ததும் அந்தப் பெயரைக் கடன் வாங்கவும் ஆள் வந்தது. வாட்டர்மேனின் பேனா புகழ்பெற்ற பிறகு, ஆர்தர் ஏ. வாட்டர்மேன் என்பவரின் பெயரில் இன்னொரு கம்பெனி பேனா விற்றது. அவரது பெயரும் உண்மையிலேயே வாட்டர்மேன்தான். பெயரில் பொய் இல்லை, வாங்குபவர் மட்டும் ஏமாந்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1914-இல் தீர்ப்பு வந்தது. முழுப் பெயரையும் போட வேண்டும், கூடவே எல்.இ. வாட்டர்மேன் கம்பெனிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்றும் பேனாவில் பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். ஒரு கம்பெனி தன் சரக்கின் மேலேயே ‘நாங்கள் அவர்கள் இல்லை’ என்று எழுதி விற்க வேண்டி வந்தது. இன்றைய இணையக் கடைகளில் ஓர் எழுத்து மாறிய பிராண்டுப் பெயரோடு வரும் பேனாக்களுக்கு வயது நூற்றுக்கு மேல் என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

பெயர் போதாது என்று தெரிந்ததும் கம்பெனிகள் அடையாளங்களைக் கண்டுபிடித்தன. அயோவாவின் ஷீஃபர் கம்பெனி 1924-இல் தன் உயர்ந்த ரகப் பேனாக்களில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பதித்தது. வாழ்நாள் உத்தரவாதம் உள்ள பேனா இது என்பது அதன் பொருள். பார்க்கர் 1930களின் தொடக்கத்தில் தன் வாக்குமேட்டிக் பேனாவின் கிளிப்பை அம்பாக வடித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் அது பளிச்சென்று தெரியும். 1941-இல் வந்த பார்க்கர் 51 இன்னொரு படி போனது. நிப்பே தெரியாதபடி மூக்கு மூடிய வடிவம்.  1945 மே மாதம் பிரான்ஸின் ரைம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்தபோது நேச நாட்டுப் படைத் தளபதி ஐசனோவரின் தலைமையகத்தில் இருந்தவை பார்க்கர் பேனாக்கள். அந்தப் பேனாக்களின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த மூடிய மூக்கு எல்லாரும் ஆசைப்படும் வடிவமாகிவிட்டது.

ஆசை இருக்கும் இடத்தில் நகல் பிறக்கும். ஆனால் எல்லா நகலும் ஏமாற்று வேலை இல்லை என்பதற்குச் சீனத்து ஹீரோ பேனா நல்ல எடுத்துக்காட்டு. ஷாங்காயில் 1931-இல் தொடங்கிய ஆலையின் வழிவந்தது அது. 1950களின் இறுதியில் பார்க்கரை எட்டிப் பிடிப்போம் என்று சீன அரசே அறைகூவல் விடுத்து, தொழிலாளர்கள் பார்க்கர் 51-ஐப் பிரித்துப் பார்த்துப் பயின்றார்கள். அதை வைத்து ஒரு திரைப்படமும் எடுத்தார்கள். ஹீரோ தன் பெயரில்தான் விற்றது. பார்க்கர் என்று பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரிட்சைப் பேனா என்றாலே தங்க நிற மூடி போட்ட ஹீரோதான். பிறகு ஹீரோ 616-க்கே போலி கிளம்பியது. இன்றைக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் 616-களில் அசலைத் தேடி எடுப்பது பேனாச் சேகரிப்பாளர்களுக்கே சிரமம். சில பத்து ரூபாய்ச் சரக்குக்குக் கூடவா போலி என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். விலை குறைந்த பேனா போலியிலிருந்து தப்பிவிடுவதில்லை.

இந்தியாவின் கதை வேறு வழியில் போனது. இங்கே அசல் என்ற சொல்லுக்கு விடுதலைப் போராட்டம் தனியாக ஒரு பொருள் கொடுத்தது. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1932-இல் பேனாத் தொழில் தொடங்கினார். அவர் செய்த பேனா, அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில் இருந்த தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா மூலம் காந்தியின் கைக்குப் போனது. 1935 ஜூலையில் காந்தி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைகளில் காணும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்றும் சொல்லியிருந்தார். வாங்கும் பொருளை எழுதிப் பார்த்த பிறகே கருத்துச் சொன்ன அந்த ஒழுங்கு கவனிக்கத் தக்கது. அதே காந்தியின் பெயரில் 2009-இல் மான்ட்பிளாங்க் கம்பெனி தங்கப் பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 பேனா, ஒன்று பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. தேசியச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தைக் காட்டி எதிர்ப்பு எழ, கம்பெனி மன்னிப்புக் கேட்டு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. பேனா அசல்தான், அதில் கேள்வியே இல்லை. காந்தியோடு அதற்கு இருந்த உறவுதான் போலி.

தென்னாட்டில் உள்ளூர்த் தயாரிப்பு மெல்ல வேர்விட்டது. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்டு கோ பேனாவுக்கென்றே பெயர் பெற்ற கடையாக வளர்ந்து, காமா என்ற பெயரில் தன் பேனாக்களையும் விற்றது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் தண்டைக் கடைசல் பட்டறையில் ஏற்றிக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். அவை இன்று அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகின்றன. சாத்தூர் நிப்புக்குப் பேர்போன ஊர். தீப்பெட்டிக்கும் காரச்சேவுக்கும் நடுவே அங்கே நிப் பட்டறைகள் தட்டிக்கொண்டிருந்தன, பால்பாயின்ட் வந்து அடங்கும் வரை. பார்க்கரின் குவிங்க் மையை உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த செல்பார்க் நிறுவனம் பின்னர் தன் சொந்தப் பெயரிலேயே மை விற்றது. பெங்களூர் நிறுவனம் அது. தண்டுப் பகுதிப் பிள்ளைகளின் விரலில் படிந்த நீலக் கறை ஒருவகையில் சொந்த ஊர்ச் சரக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது வெளிநாட்டுப் பேனா அபூர்வமானது. சிங்கப்பூரிலிருந்தோ, மலேயாவிலிருந்தோ, பின்னாளில் வளைகுடாவிலிருந்தோ வரும் மாமாவின் பெட்டியில்தான் அசல் பார்க்கர் இருக்கும். பெட்டி வராத வீட்டார் சென்னை பர்மா பஜாருக்குப் போனார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1960களின் இறுதியில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி உருவான கடைவீதி அது. பெங்களூரில் மெஜஸ்டிக்கின் நேஷனல் மார்க்கெட்டுக்கு அதே பேர். ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. பேனாவின் பூர்வீகம் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். இந்தியர்கள் பேனாவைச் சோதிக்கக் கற்றுக்கொண்டது இந்தக் காலத்தில்தான்.

அந்தச் சோதனைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கடைக்காரர் மைப்புட்டியைத் திறந்து வைப்பார். நிப்பைத் தொட்டு, வெள்ளைத் தாளில் முதலில் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பது வழக்கம். மனிதனின் கை யோசிக்காமல் ஓடுவது கையெழுத்தில்தான் என்பதால் நிப் எங்கே இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு எட்டு எட்டாகச் சுழித்துப் பார்ப்பார்கள். நிப்பின் பிளவு நேராக முனையைப் பிரிக்கிறதா, முனையில் இரிடியப் பொட்டு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கடிகாரக்காரரின் கண்ணாடியால் பார்ப்பவர்களும் உண்டு. மூடியைத் திருகும்போது மரை பிசிறில்லாமல் ஓட வேண்டும். எபோனைட் உடலைத் துணியில் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக நெடி வரும். ரப்பரைக் கந்தகம் சேர்த்து இறுக்கித்தான் எபோனைட் செய்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அந்த நெடி வராது. பழைய செல்லுலாய்டில் கற்பூர வாடை இருக்கும். மூக்கும் விரலும் கண்ணும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பு அது.

இன்னொரு சிக்கலும் அந்தக் காலத்தில் இருந்தது. நடைபாதைப் பேனா ரிப்பேர்க்காரர்கள் உடைந்த பேனாக்களைச் சேர்த்து ஓட வைத்தார்கள். பார்க்கர் உடலில் உள்ளூர் நிப், ஷீஃபர் மூடிக்கு வேறு கிளிப் என்று கலப்புப் பேனாக்கள் பிறந்தன. எழுதுபவருக்கு அது உதவிதான். ஆனால் அதே பேனா இரண்டாம் கைக்கு விற்பனைக்கு வந்தால் எது அசல்? மூடியில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர் பாதிப் பேனாவுக்கு முழு விலை கொடுத்தார். பழம்பேனா வாங்குபவர்களுக்கு இந்தப் பாடம் இன்னமும் செல்லும். ஞாயிறுச் சந்தையில் கிடைத்தது என்று படத்தோடு இணையத்தில் வரும் பழைய பார்க்கர்களில் இந்தக் கலப்பு நிறையவே இருக்கிறது.

தாராளமயமாக்கலுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. 1996-இல் டெல்லி லக்ஸர் நிறுவனம் பார்க்கரோடு கைகோத்து வெக்டார் முதலான பேனாக்களை இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. பர்மா பஜாரில் கிசுகிசுத்து வாங்கிய பெயர் தெருமுனைக் கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது. சென்னையிலிருந்து ஜி.எம். பென்ஸ் தயாரித்த ரெனால்ட்ஸ் 045-க்கும் இதே வகைக் கதை. அதுவும் உரிமம் பெற்ற வெளிநாட்டுப் பெயர்.

இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை முளைத்தது. ‘மேட் இன் இந்தியா’ என்று போட்ட பார்க்கர் டூப்ளிகேட், இங்கிலாந்து என்று போட்டதுதான் ஒரிஜினல் என்று பலரும் இன்றும் சொல்கிறார்கள். இது பிழை, உள்நாட்டுத் தொழிலாளிக்கு அநியாயமும்கூட. உரிமம் பெற்று இந்தியாவில் செய்த பார்க்கர் அசல் பார்க்கர்தான். விலையும் பொருளின் தரமும் வேறாக இருக்கலாம், பிறப்பு நேர்மையானது. இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் நியூஹேவன் ஆலையை மூடப்போவதாக 2009-இலேயே அறிவிப்பு வந்து, உற்பத்தி பிரான்ஸுக்குப் போய்விட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து அறிமுகமான ஒரு மாடலில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தால், அந்த வரிதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய வரி. அந்நிய ஊர்ப் பெயருக்கு நாம் கொடுக்கும் மதிப்பைப் போலி செய்பவர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

பெங்களூர் இந்த வரலாற்றில் பார்வையாளராக மட்டும் நிற்கவில்லை. 2002-இல் இங்கே தொடங்கிய வில்லியம் பென் என்ற பேனாக் கடை நாடு முழுக்கக் கிளை பரப்பி, 2022-இல் ஷீஃபர் பிராண்டையே அமெரிக்காவின் கிராஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. வெள்ளைப் புள்ளியின் சொந்தக்காரர் இன்று பெங்களூர்க்காரர். 2007 அக்டோபரில் கோரமங்கலாவில் ஃபிளிப்கார்ட் பிறந்தது. அப்போது விற்றது புத்தகம் மட்டும். 2013-இல் அமேசானின் இந்தியத் தளம் வந்தது. அதன் பிறகு அவென்யூ ரோட்டு மொத்தக் கடைகளும் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கண்ணாடிக் கடைகளும் செய்த வேலையைத் திரை எடுத்துக்கொண்டது. மைப்புட்டி திறந்து வைத்த மேசை போயிற்று. எழுதிப் பார்த்து வாங்கும் வழக்கம், வாங்கி எழுதிப் பார்க்கும் வழக்கமாக மாறியது. எதிரே நின்று பதில் சொல்ல ஆளும் இல்லை.

அந்த மேசையின் அறிவை இப்போது வாங்குபவரே சுமக்க வேண்டும். பார்க்கரில் தொடங்கலாம். 1930களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் பார்க்கர் பேனாக்களின் உடலில் ஆண்டின் கடைசி இலக்கமும், காலாண்டைச் சொல்லும் புள்ளிகளும் இருந்தன. 1980-லிருந்து எண்ணுக்குப் பதில் எழுத்து. ‘குவாலிட்டி பென்’ என்ற ஆங்கிலச் சொற்களின் பத்து எழுத்துகளும் வரிசையாகப் பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களைக் குறிக்கும். ‘க்யூ’ என்றால் பூஜ்யம், ‘யு’ என்றால் ஒன்று, ‘என்’ என்றால் ஒன்பது. 1987-லிருந்து பக்கத்தில் மூன்று கோடு இருந்தால் ஆண்டின் முதல் காலாண்டு, இரண்டு இருந்தால் இரண்டாவது, ஒன்று இருந்தால் மூன்றாவது, கோடே இல்லையென்றால் கடைசி. ஐரோப்பிய ஆலைகளில் செய்த பேனாக்களில் மூடியின் விளிம்பில் இது இருக்கும். சானட் மாடல் சந்தைக்கு வந்ததே 1990களில்தான். குறி சொல்லும் ஆண்டும் மாடல் பிறந்த ஆண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பயனுள்ள சோதனை. அதிகம் போலி செய்யப்படும் பார்க்கர்களில் சானட்டும் ஒன்று. எழுத்துப் பொறிப்பு ஆழமும் அளவும் மாறாமல் இருக்கிறதா, அம்பின் இறகுக் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா என்பதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

தங்க நிப் என்று சொன்னால் எண்ணைத் தேடுங்கள். 14 காரட் என்றால் 585, 18 காரட் என்றால் 750. காந்தம் நிப்பை இழுத்தால் அது தங்கம் இல்லை. இழுக்கவில்லை என்பதற்காகத் தங்கம் என்று முடிவு கட்டக் கூடாது, காந்தம் ஒட்டாத எவர்சில்வர் வகைகளும் உண்டு. நிப்பில் கம்பெனிப் பெயரே இல்லாமல் ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்று மட்டும் இருந்தால் அது யார் வேண்டுமானாலும் வாங்கிச் செருகும் பொது நிப். பெரிய பிராண்டுப் பேனாவில் அதற்கு வேலை இல்லை. லேமி சஃபாரி போன்ற பேனாவில் அந்தக் கம்பெனியின் சொந்த கார்ட்ரிட்ஜ் சிக்கென்று பொருந்தவில்லை என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

மான்ட்பிளாங்க் பேனாவின் பெரிய நிப்பில் 4810 என்ற எண் இருக்கும். அந்த மலையின் உயரம், மீட்டரில். கிளிப் வளையத்தில் வரிசை எண், கிளிப்பின் அடியில் ஒரு சிறு சொல், பலமான வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு உடலில் கசியும் சிவப்பு என்று சேகரிப்பாளர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் போலி செய்பவர்களும் படிக்கிறார்கள் என்பதுதான் தொல்லை. வரிசை எண் பொறித்த மூடி ஒன்று கையில் கிடைத்தால் அதே எண்ணை நூறு மூடிகளில் அடிக்கலாம். வெள்ளைப் புள்ளி, அம்பு, தேதிக் குறி, எண் என்று நூறு ஆண்டுகளாகக் கம்பெனிகள் கண்டுபிடித்த ஒவ்வோர் அடையாளமும் கொஞ்ச காலத்தில் நகலெடுக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் தப்பாக இருந்தால் பேனா போலி என்று துணிந்து சொல்லலாம். அடையாளம் சரியாக இருப்பதாலேயே பேனா அசல் ஆகிவிடாது. பழைய கடைத்தெருவிலும் உண்மையான காவல் இருந்தது பேனாவின் மேல் அல்ல, மறுநாள் போனாலும் அதே இடத்தில் நிற்கும் கடைக்காரரிடம்தான்.

ஆகவே இணையத்தில் பேனாவைப் பார்ப்பதற்கு முன் விற்பவரைப் பார்க்க வேண்டும். தளத்தின் பெயர் வேறு, விற்பவரின் பெயர் வேறு. தளம் தன் கிடங்கில் வைத்து அனுப்பியது என்றால் பெட்டி நேரத்துக்கு வரும் என்று மட்டுமே அர்த்தம், உள்ளே இருப்பதற்குச் சான்று ஆகாது. பிராண்டின் சொந்த இணையதளத்தில் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியல் இருந்தால் அதில் இந்தப் பெயர் உண்டா என்று பார்க்கலாம். ரசீதில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07. எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் அது எந்த வணிகருடையது என்று தெரிந்துவிடும். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. வெளிநாட்டுப் பேனா என்று சொல்லி, இறக்குமதி செய்தவர் பெயரே இல்லாத பெட்டி வந்தால் பேனாவைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

சட்டமும் இந்த நூறாண்டில் நகர்ந்து வந்திருக்கிறது. போலி முத்திரை குத்திய சரக்குக்கு எதிராக ஆங்கிலேயர் 1889-இலேயே இந்தியாவில் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது நடப்பில் இருக்கும் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலிக் குறி இடுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் பிராண்டுக்காரர்கள் எடுத்த ஆயுதங்கள். இணையத்தில் வாங்கி ஏமாந்த வாடிக்கையாளரின் வழியை எளிதாக்கியவை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும். அந்த விதிகள்படி விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியாக வேண்டும். தன் சரக்கு அசல் என்று தளமே உறுதி கூறி விற்றால் அதற்கான பொறுப்பும் தளத்துக்கு உண்டு. புகாரைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

வாங்குபவர் கடைப்பிடிக்க வேண்டிய வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. பார்சலைப் பிரிக்கும்போது முதல் வெட்டிலிருந்து வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தின் படத்தையும் வாசகத்தையும் அன்றே சேமித்துக்கொள்ளுங்கள், அவை மறுநாள் மாறிவிடலாம். பொறிப்பு, குறி, பெட்டியின் அச்சு எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் வரை மை நிரப்பாதீர்கள். மை ஏறிய பேனாவைப் பயன்படுத்திய பொருள் என்று சொல்லித் திருப்பி வாங்க மறுப்பது எளிது. சந்தேகம் இருந்தால் பிராண்டின் சேவை மையத்துக்கோ அங்கீகரித்த கடைக்கோ எடுத்துப் போய், அவர்கள் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். போலி என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் தூக்கி எறிய வேண்டாம். அதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், காக்ஸ் டவுனில் குடியிருப்பவர் பெங்களூரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாழும் ஊரில் வழக்குத் தொடுக்கும் உரிமையை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. போலிப் பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்பது மின்வணிக விதிகளில் எழுதப்பட்ட கட்டளை. முந்நூறு ரூபாய்ப் பேனாவாக இருந்தாலும் கேளுங்கள்.